ஆல்பம் கம்ப்யூட்டரில் ஒளிந்திருக்கும் ஃபைல் பற்றி மாமாவுக்கு

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகன் எழுதுவது. வெளியூர் ஷூட்டிங்கில் வெளிச்சமும் வாடிக்கையாளரும் உங்கள் சொல்படி நடந்துகொள்வார்கள் என்று நம்புகிறேன். இங்கே அத்தை நலம், நான் நலம், ஸ்டுடியோ நலம். ஆல்பம் போடும் கம்ப்யூட்டர் மட்டும் நலமில்லை. முக்கியமான விஷயத்தைப் போனில் பேசக்கூடாது, எழுதி உறையில் போட்டு ஒட்டி வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். அதனால் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கிளம்பிய மறுநாள் ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுப் போய், டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். அப்போதும் அந்தக் கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டுதான் இருந்தது. அப்படி என்னதான் யோசனை என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் தெரிந்த முகங்கள். ஒன்று மட்டும், மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியாமல் பெண் வீட்டுக்கும் தெரியாமல் குரூப் போட்டோவில் நிற்கும் ஆள் மாதிரி நடுவில் நின்றுகொண்டிருந்தது. பெயர் 'கேஎம் ஹெல்ப்பர்'. யாருக்கு ஹெல்ப் என்று போடவில்லை. அதன் ஜாதகத்தைத் திறந்தேன். தயாரித்தவர் யார் என்ற இடம் காலி. நிறுவனத்தின் டிஜிட்டல் கையெழுத்து கிடையாது. ஒழுங்கான புரோகிராம்கள் குடியிருக்கும் ஃபோல்டரை விட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டரைப் போட்டதும் யாரும் கூப்பிடாமலே எழுந்துகொள்கிறது. நெட்டில் தேடினேன், உலகத்தில் ஒருத்தருக்கும் அதைத் தெரியவில்லை. சந்தேகமான ஃபைலை ஏற்றினால் இருக்கிற ஆன்டிவைரஸ் எல்லாவற்றையும் வைத்துப் பரிசோதிக்கும் தளம் ஒன்று உண்டு, அதிலும் ஏற்றினேன். பெரும்பாலானவை ஒன்றுமில்லை என்று கையை விரித்துவிட்டன. இரண்டு மூன்று மட்டும் 'தேவையற்ற மென்பொருளாக இருக்கலாம்' என்றன. இருக்கலாமாம். இதைச் சொல்ல ஆன்டிவைரஸ் எதற்கு, அத்தையே சொல்லிவிடுவார்.

சரி, அழித்துவிடலாம் என்று கை வைத்தபோதுதான் உங்கள் ஆல்பம் அண்ணன் எழுந்து வந்தார். இத்தனை வருஷமாக உங்களிடம் ஆல்பம் போடுகிறவர், லேமினேஷன் மெஷின் தீய்ந்து புகைந்தால்கூட நாற்காலியை விட்டு நகராதவர், அன்றைக்கு என் கையைப் பிடித்தார் மாமா.

"தம்பி, அதை மட்டும் தொடாதீங்க. அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருக்கட்டும்."

என்ன ஃபைல் அது என்று கேட்டேன். தெரியாது என்றார். தெரியாத ஒன்றின் மேல் எதற்கு இவ்வளவு கரிசனம் என்றேன். கத்தரியை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே நேராக இருந்த ஒரு படத்தின் ஓரத்தை வெட்ட ஆரம்பித்துவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டைக்கூட கம்ப்யூட்டர் முன்னால் வைத்துத்தான் சாப்பிடுகிறார். நான் அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்தால் அவருக்கு விக்கல் வருகிறது.

இதற்கப்புறமும் சும்மா இருப்பேனா? அவர் சாமான் வாங்கப் போன நேரத்தில் அந்த ஒளிவு ஃபோல்டரைத் திறந்துவிட்டேன். உள்ளே முழுக்கப் படங்கள். இந்தக் கம்ப்யூட்டர் திரையையே சிறிது நேரத்துக்கு ஒருமுறை படம் பிடித்து அந்த ஃபைல் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறது. நம் டிசைன், நம் ஆர்டர், எல்லாம். எதிர்க்கடை ஸ்டுடியோவின் கண்ணாடிக்குள் நம்முடையதைப் போலவே ஓரப்பூ போட்ட ஆல்பம் எப்படி வந்தது என்று இப்போது புரிகிறதா? இன்னும் கேளுங்கள். தினமும் கடை மூடுவதற்கு முன்னால் ஆல்பம் அண்ணன் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து, முழ நீள எழுத்தில் 'அடுத்த வாரம் லீவு வேணும்' என்று அடிக்கிறார். படம் விழும்வரை காத்திருக்கிறார். பிறகு சேமிக்காமல் மூடிவிடுகிறார். படங்களை வரிசையாகப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. நம்மிடம் வேலை பார்க்கிறவர் நம்மிடம் அல்லவா லீவு கேட்க வேண்டும்? உங்களிடம் வாயைத் திறந்து ஒரு நாளாவது கேட்டாரா? கேட்கவில்லை. அப்படியானால் அவருடைய உண்மையான முதலாளி யார்? எதிர்க்கடைக்காரன். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை, இருந்தாலும் நான் படித்திருக்கிறேன்.

மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எல்லோரையும் சந்தேகப்படுவீர்கள். தண்ணீர் கேனைக்கூடத் தட்டி, குலுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவீர்கள். இவரிடம் மட்டும் கடைச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டீர்கள். திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாக அவரை அனுப்பிவிடுங்கள். எனக்கும் வருத்தம்தான், நல்ல கைவேலைக்காரர். ஆனால் ஆதாரம் ஆதாரம்தான். ஃபைலை அழிக்காமல் ஓட விட்டிருக்கிறேன், அது கையும் களவுமாக அப்படியே இருக்கட்டும். இந்தக் கடிதத்தையும் வேண்டுமென்றே இதே கம்ப்யூட்டரில்தான் அடிக்கிறேன். எதிர்க்கடைக்காரன் படிக்கட்டும், படித்து நடுங்கட்டும்.

அத்தை உங்களை மாத்திரையை மறக்காமல் போடச் சொன்னார். கேமராவுக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் வீடு வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,

உங்கள் பிரியமுள்ள மருமகன்.

பின்குறிப்பு: பிரின்டரில் தாளைக்கூட வைக்கவில்லை, அதற்குள் உங்கள் போன் வந்துவிட்டது. நீங்கள் பேசியதை உங்களுக்கே எழுதுவது அபத்தம்தான். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன். எடுத்ததும், "அந்தத் தண்ணி கேன் கதையை எடுத்துடு, அசிங்கமா இருக்கு" என்றீர்கள். ஆக, அந்த ஃபைல் உங்களுடையது. யாரையோ பிடித்து நீங்கள்தான் போட்டிருக்கிறீர்கள். படமெல்லாம் உங்கள் போனுக்குத்தான் வருகிறது. எதிர்க்கடைக்காரன் ஓரப்பூவைத் தானாகவே போட்டிருக்கிறான். அப்படியானால் ஆல்பம் அண்ணன் லீவு கேட்டது யாரிடம் என்று கேட்டேன்.

"என்கிட்டதான்டா. அவன் பொண்டாட்டிக்குத் தலைப்பிரசவம். நேர்ல வந்து கேட்டா முடியாதுன்னு சொல்லிடுவேன். சொன்னா சொன்னதுதான், அப்புறம் மாத்த எனக்கு வராது. அது அவனுக்கும் தெரியும்."

"அப்போ ஃபைல் இருக்கிறது அவருக்குத் தெரியும்னு உங்களுக்கும் தெரியுமா மாமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. நீயும் எதுவும் எழுதல. நானா யோசிச்சு அவனுக்கு ஒரு வாரம் விடலாம்னு இருக்கேன்."

ஆகவே மேலே எழுதிய அத்தனையும் ரத்து. பரிசோதனை முடிவு: தேவையற்ற மென்பொருள் அல்ல. இந்த ஸ்டுடியோவிலேயே மிகவும் தேவையான மென்பொருள் அதுதான். கடிதத்தை அனுப்பவில்லை, மூடி அழித்துவிடப் போகிறேன். அதற்கு முன்னால், யாரிடமும் எதுவும் கேட்பதற்காக அல்ல, சும்மா எழுத்தை முழ நீளத்துக்குப் பெரிதாக்கி, ஒரு வரி அடித்துப் பார்க்கிறேன்:

தலைப்பிரசவத்துக்கு ஒரு வாரம் போதாது. பாக்கி ஆல்பங்களை நான் போடுகிறேன்.

படம் விழும்வரை உட்கார்ந்திருக்கிறேன்.