தாத்தாவின் பெரிய உத்தியோகம்

ஒரு ஆம்பளையிடம் கேட்கக் கூடாத கேள்வி என்று ஒன்று உண்டா, இல்லையா? ருவான்வெல்லைப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில், ஒரே சுவரை ஒட்டிய வரிசை வீடுகளான மேல் லயத்தில், அந்தக் கேள்வியைத் தெரேசம்மா தன் புருஷன் சிறிலிடம் கேட்டேவிட்டாள்.

"ஞாயித்துக்கிழம மட்டும் நீங்க சமைக்கிறீங்களா?"

பெக்டரி வாச்சர் வேலையிலிருந்து ஓய்வு வாங்கி, வாசலில் கதிரை போட்டு, போனில் உலக நடப்பைக் கவனித்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். உலகமே ஒரு நிமிஷம் நின்றுபோனது. என்ன கேட்டாய் என்று கேட்டார். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். சத்தம் போடாமல், சண்டைக்கும் வராமல் கேட்டாள். அதுதான் சிறிலுக்குப் பெரிய எரிச்சல்.

"விடியக்காலம் போயி றப்பர் பால் வெட்டிட்டு வந்து அடுப்புல நிக்கிறேன். கல்யாணம் கட்டுன நாள்ல இருந்து இதான். ஞாயித்துக்கிழம ஒரு நாளாச்சும் பூசைக்குப் போயிட்டு வந்து, கால நீட்டி உக்காந்து, யாராச்சும் போட்டுக் குடுக்குற சோத்த சாப்புடணும்னு ஆசையா இருக்குங்க. வேற ஒண்ணும் இல்ல."

ஆசை நியாயமானதுதான், யார் இல்லை என்றார்கள்? அதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டாமா? ஏற்கெனவே போன மாசம் மாதர் சங்கத்தோடு எங்கேயோ வேன் பிடித்துப் போய், பொழுது சாய்ந்து வந்தவள் இவள். அன்றைக்குச் சிறில் கடைவீதியில் பணிஸைப் பிளேன்டீயில் முக்கித் தின்றார். கட்டின பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது. எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. சோறு எங்கே என்றுதான் கேட்டார்.

"இங்க பாரு புள்ள," என்று கதிரையை விட்டு எழுந்தார். "எங்க பரம்பரையில ஆம்பள குசினிக்குள்ள கால் வச்சதா சரித்திரமே கெடையாது."

அதோடு விட்டிருக்கலாம். விட்டால் அவர் சிறில் இல்லையே. உடனே தாத்தா சந்தியாகுவை இழுத்தார். அந்தப் பெயர் வந்தால் லயமே கொட்டாவி விடும். துரை பங்களாவில் பெரிய உத்தியோகம். துரைக்கு வலது கை. வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான். சந்தியாகுவைக் கேட்காமல் துரை வாயே திறக்க மாட்டார். அது என்ன உத்தியோகம் என்று சிறிலுக்கும் தெரியாது, சொல்லிக்கொடுத்த அவருடைய அப்பாவுக்கும் தெரியாது. பெரிய உத்தியோகம், அவ்வளவுதான்.

"சரித்திரத்த யாருங்க கண்டா," என்றாள் தெரேசம்மா.

அந்த வார்த்தைதான் சிறிலைச் சுட்டது. அதே வார்த்தையில் அவருக்கு ஒரு யோசனையும் பிறந்தது. தாத்தா வேலை பார்த்த அதே பழைய துரை பங்களாவை இப்போது நூதனசாலை ஆக்கியிருக்கிறார்கள். நூறு வருஷத்துக்கு முந்தி மனுஷர் எப்படி வாழ்ந்தார்கள் என்று அடுப்பு முதல் படுக்கை வரை அப்படியே வைத்திருக்கிறார்களாம். வா, காட்டுகிறேன் என்றார். அந்தக் காலத்தில் அம்மியும் விறகுமாகக் கிடந்து அல்லாடிய பொம்பளைகள் வாயைத் திறந்தார்களா? காஸ் அடுப்பை வைத்துக்கொண்டு உனக்கு வாயைப் பார்.

தெரேசம்மா வேண்டாம் என்றாள். பழைய வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்றாள். கால் வலிக்குது என்றாள். அவள் பின்வாங்கப் பின்வாங்கச் சிறிலுக்கு வீரம் ஏறிக்கொண்டே போனது.

"அங்க என்ன நடமுற இருந்துச்சோ, நாளையில இருந்து நம்ம வீட்டுலயும் அதே நடமுறதான். இது சத்தியம்."

"ரெண்டு பேருக்குமாங்க?"

"ரெண்டு பேருக்கும்."

"நாங்களும் கேட்டுக்கிட்டோம்ணே," என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு ரொபர்ட் குரல் கொடுத்தான். மற்ற ஊர்களில் சுவருக்குக் காது மட்டும்தான். லயத்தில் அதற்கு வாயும் உண்டு.

அடுத்த நாள், சனிக்கிழமை, இரண்டு பஸ் மாறிப் போனார்கள். பஸ்ஸில் சிறில் வாய் ஓயவில்லை. பக்கத்து சீட்டு மாத்தயாவிடம் சிங்களத்திலும் தாத்தா பெருமையைப் பேசி முடித்தார். தெரேசம்மா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தில் ஒரு அமைதி இருந்தது. பயந்துவிட்டாள் என்று சிறில் எடுத்துக்கொண்டார்.

பங்களாவைச் சுற்றிக் காட்ட வந்தவன் ஷிஹாப் என்ற மாவனல்லை ஊர்ப் பொடியன். நல்ல தமிழ், நல்ல மரியாதை. சிறில் அவனைப் பேசவே விடவில்லை. நேரே குசினிக்கு நடத்தச் சொன்னார்.

குசினி பங்களாவுக்குப் பின்னால் தனியாக இருந்தது. ஆள் படுக்கிற நீளத்துக்கு விறகு அடுப்பு. பக்கத்தில் அம்மி, ஆட்டுக்கல், உலக்கை. சிறிலுக்கு நெஞ்சு விம்மியது. ஒவ்வொன்றாகக் கையை நீட்டிக் காட்டினார். பாத்தியா, இதுல அரைச்சாங்க. பாத்தியா, இத ஊதுனாங்க. அந்தக் காலத்துப் பொம்பளைங்க இந்தப் புகையில நின்னு…

"மன்னிக்கணும் ஐயா," என்றான் ஷிஹாப். "இந்தக் குசினிக்குள்ள பொம்பளைங்க வந்ததே இல்ல."

சிறில் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

"துரை பங்களாவுல வீட்டு வேல எல்லாமே ஆம்பளைங்கதான் ஐயா. சமையல்காரர அப்புன்னுதான் கூப்புடுவாங்க, அவங்கள்ல மூத்தவரு பெரிய அப்பு. அவருக்குக் கீழ ரெண்டு மூணு ஆம்பளைங்க."

அப்படியானால் அரைத்தது யார் என்று சிறில் அதட்டிக் கேட்டார். ஆம்பளை. விறகு ஊதினது? அதுவும் ஆம்பளைதான். இது என்ன அநியாயம்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது? இந்தச் சரித்திரத்தை எழுதினவனைப் பிடித்துக் கேட்க வேண்டாமா?

அதுவரை வாயே திறக்காத தெரேசம்மா, பச்சைப் பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"துணி தொவைச்சது யாரு தம்பி?"

"டோபி, அக்கா. ஆம்பள."

"படுக்கைய விரிச்சது?"

"அதுவும் ஆம்பளதான்."

"விடியக்காலம் படுக்கையிலயே தேத்தண்ணி கொண்டு போயி குடுத்தது?"

"அப்புவே குடுப்பாரு அக்கா. துரை கண்ணு முழிக்க முந்தி தேத்தண்ணி வந்துரணும்."

தெரேசம்மா ஒவ்வொரு பதிலுக்கும் புருஷனை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். சிறிலின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இந்த வெட்டி வேலைக்காரர்களை விட்டுத்தள்ளு, எங்கள் தாத்தா மாதிரிப் பெரிய உத்தியோகஸ்தர்கள் இருந்த இடத்தைக் காட்டு என்று கத்தினார். பேரைக் கேட்டான் பொடியன். சந்தியாகு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். பொடியன் முகம் மலர்ந்துவிட்டது. சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினான்.

பெரிய படம். பங்களா வாசலில் வேலைக்காரர் வரிசை. நட்ட நடுவில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள். வெள்ளைக் கோட்டு, பித்தளைப் பொத்தான், எல்லாம் சரி. மூக்கும் அப்படியே சிறிலின் மூக்கு. கையில்தான் ஒரு தட்டு. தட்டில் ஒரு முழுக் கோழி, காலைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தது. கீழே மூன்று பாஷையிலும் எழுதியிருந்தார்கள்: பெரிய அப்பு சந்தியாகு.

ஒரு பாஷையிலாவது வேறு மாதிரி இருக்குமோ என்று சிறில் சிங்களத்திலும் வாசித்துப் பார்த்தார்.

"துரை இவரக் கேக்காம வாயே தொறக்க மாட்டாராம் தம்பி," என்று தெரேசம்மா பொடியனுக்குச் சொன்னாள்.

சிறில் வாசலுக்கு நடந்தார். அங்கேதான் கடைசி அடி காத்திருந்தது. ஷிஹாப் பின்னாலேயே வந்து தெரேசம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"போன மாசம் மாதர் சங்கத்தோட வந்தப்ப, அவரு வாயாலயே வான்னு சொல்ல வச்சு கூட்டிட்டு வர்றேன்னு சொன்னீங்களே அக்கா. சொன்ன மாதிரியே செஞ்சிட்டீங்க."

அடிப்பாவி. சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து சூனியம் வைத்துக்கொண்டோமே என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குத்தானா அந்த வேண்டாங்க? அதற்குத்தானா அந்தக் கால் வலி? திரும்பிப் போகும் பஸ்ஸில் அவர் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

ஆனால் சத்தியம் சத்தியம்தான். சுவரும் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெரேசம்மா நல்ல சேலை கட்டிப் பூசைக்குப் போனாள். சிறில் குசினிக்குள் காலை வைத்தார். மனதுக்குள் ஒரு திட்டம் இருந்தது. கோழிக் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவது. ஒரே வாய், ஒரே நாள், கதை முடிந்தது. அப்புறம் அவளே கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்பிவிடுவாள்.

உப்பை அள்ளிக்கொண்டு நிமிர்ந்தார். காஸ் அடுப்புக்கு மேலே சுவரில் தாத்தா. போனில் பிடித்துப் பிரின்ட் போட்டு ஒட்டியிருக்கிறாள், படுபாவி. தலைப்பாகையும் தட்டுமாகத் தாத்தா அவரையே முறைத்துப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் ஒரு குழம்பைக் கெடுக்கச் சிறிலுக்குக் கை வரவில்லை. அள்ளிய உப்பைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, ஒரு சிட்டிகை எடுத்தார்.

கெட்டது குடி. அந்தக் குழம்பின் வாசம் லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனது. ரொபர்ட்டின் பெண்டாட்டி அனிற்றா கோப்பையோடு வந்து நின்றாள். அவள் பின்னால் இன்னும் நாலு பேர். ருசி பார்த்துவிட்டு, எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கே தண்டமா என்று அனிற்றா சத்தமாகச் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் ரொபர்ட் மூச்சு விடவில்லை.

பூசை முடிந்து வந்த தெரேசம்மா காலை நீட்டி உட்கார்ந்தாள். சிறில் சோற்றுக் கோப்பையைக் கையில் கொடுத்தார். முதல் வாயை வைத்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. எழும்பி அடுப்பைப் பார்க்காமல் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு என்றாள். அதைக் கேட்டதும் சிறிலுக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அந்த நேரத்திலாவது நாக்கு சும்மா இருக்க வேண்டாமா?

"சும்மாவா? எங்க தாத்தா கைப்பக்குவம்," என்று வாசலில் நின்ற பொம்பளைகள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்.

அன்றைக்குச் சாயந்தரமே அனிற்றா முடிவு செய்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேல் லயத்துப் பொம்பளைகள் அத்தனை பேரும் வேன் பிடித்து அந்த பங்களாவைப் பார்க்கப் போகிறார்கள். தெரேசம்மாவும் கூடப் போகிறாளாம். சிறிலுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வீட்டில் ஆள் இல்லை என்றால் சமையலும் இல்லை. பணிஸும் பிளேன்டீயும் இவ்வளவு இனிப்பான பொருள்களா? போயிட்டு வாங்க, நல்லா ஆறுதலா பாத்துட்டு வாங்க என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

தெரேசம்மா கையைக் கழுவிக்கொண்டே, வழக்கம்போலச் சத்தம் போடாமல் சொன்னாள்.

"வேன் வெள்ளனவே வந்துரும். அதுக்கு முந்தி எல்லாருக்கும் சோத்துப் பார்சல் கட்டி வச்சிருங்க, அப்பு."