ஸ்டாப்வாட்ச் சார் போட்ட நாடகம்

ஆம்பூரில் தோலை அளக்கிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள். சிரிப்பை அளந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் ஸ்டாப்வாட்ச் சார்.

நான் அப்போது ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் லைனில் இருந்தேன். ஒரு தையலுக்கு எத்தனை வினாடி ஆகிறது என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டு போவதுதான் சாருடைய வேலை. அவர் குறித்ததை வைத்துத்தான் மணிக்கு எத்தனை ஜோடி தைக்க வேண்டும் என்று மேலே முடிவு செய்வார்கள். அதனால் அவர் தலை தெரிந்ததுமே எங்கள் லைனில் நூல் அறுந்துபோகும், ஊசி முறியும், நல்லாயிருந்தவளுக்கு இருமல் வரும். சார் அசையாமல் நிற்பார். அவரைப் பிடிக்கும் என்று சொன்ன ஒருத்தியை நான் அங்கே கண்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, பாட்டும் சிரிப்புமாக ஒரு நாடகம் எழுதியிருப்பதாகவும் லைனில் இருக்கும் பெண்கள் நாங்கள்தான் நடிக்க வேண்டும் என்றும் சொன்னார். ஆண்களைக் கேட்டுப் பார்த்துவிட்டாராம். பாதிப் பேருக்கு ஓவர்டைம், மீதிப் பேருக்கு வெட்கம். எனக்கிருந்த அசதியில் முடியாது என்று சொல்லவும் தெம்பில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, பெண்ணின் அம்மா வேஷம் எனக்கென்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

கதை சின்னதுதான். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீடு மாறி நுழைந்துவிடுகிறான். அந்த வீட்டிலும் ஒரு பெண் இருக்கிறாள். நடுவில் ஏழு பாட்டு. ஏழும் தையல் மிஷின் ஓடுகிற தாளத்திலேயே இருந்தன. பாட ஆரம்பித்தால் என் வலது கால் தானாக இல்லாத பெடலை அழுத்தும்.

மாப்பிள்ளை வேஷம், எனக்கு அடுத்த மிஷினில் உட்காரும் கஸ்தூரிக்கு. கறுப்புத் தோல் துண்டில் சாரே மீசை வெட்டிக் கொடுத்தார். ஷூ ஒட்டும் பசையைக் காட்டியதும் கஸ்தூரி, ஆயுசுக்கும் ஆம்பளையாய்ச் சுற்ற முடியாது என்று மறுத்துவிட்டாள். சோற்றைப் பிசைந்து ஒட்டிக்கொள்வதாக முடிவாயிற்று.

வேலை விட்டு வந்து, உலையில் அரிசியைப் போட்டுவிட்டுச் சமுதாயக் கூடத்துக்கு ஓடுவோம். ஒரு நாள் அழுகிற காட்சியில் முந்தானையால் முகத்தை மூடிய நான் அப்படியே தூங்கிப்போனேன். அம்மா நன்றாக அழுகிறார், யாரும் தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டு சார் அடுத்த காட்சிக்குப் போய்விட்டாராம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வசன நோட்டில் ஒவ்வொரு ஜோக்குக்குப் பக்கத்திலும் 'நாலு செகண்ட் சிரிப்பு, நிற்கவும்', 'ஏழு செகண்ட் சிரிப்பு, நிற்கவும்' என்று எழுதியிருந்தார். அத்தனை வினாடி மனதுக்குள் எண்ணி முடித்த பிறகுதான் அடுத்த வசனம் பேச வேண்டும்.

"சிரிக்கலைன்னா இன்னா சார் பண்றது?" என்று கஸ்தூரி கேட்டாள்.

"சிரிப்பாங்கம்மா. நீ நில்லு, போதும்."

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கூடம் நிறைந்துவிட்டது. எங்களை வழியனுப்பும்போதே கேலி பேசிய வீட்டுக்காரர்கள் முன்வரிசையில் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியுமா என்பதுதான் எங்கள் ஒவ்வொருத்திக்கும் கவலை.

முதல் ஜோக். யாரும் சிரிக்கவில்லை. நாங்கள் நாலு வினாடி நின்றோம். இரண்டாவது ஜோக்குக்கு ஏழு வினாடி. கூரை ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து பேர் மேடையில் சிலையாக நிற்பதைச் சனங்கள் பார்க்க, சனங்களை நாங்கள் பார்த்தோம். மூன்றாவது ஜோக்குக்கு என் வீட்டுக்காரர் கொட்டாவி விட்டார். ஓரத்தில் நின்ற சார் முகத்தில் ரத்தமே இல்லை.

நான்காவது ஜோக்குக்கு நின்றபோது கஸ்தூரியின் மீசை ஒரு பக்கம் பிரிந்து தொங்கியது. அதைத் தொட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும் என்று பயந்து, அவள் வாய்விட்டே எண்ணத் தொடங்கினாள். மைக் அவள் கழுத்துக்கு நேராக இருந்தது. "ஒண்ணு... ரெண்டு... மூணு..." நாலில் மீசை விழுந்தது.

கூடம் வெடித்தது. இத்தனை நேரம் நாங்கள் எதற்காக நின்றோம் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். கணக்குப்படி கஸ்தூரி அடுத்த வசனத்தைச் சொன்னாள், யார் காதிலும் விழவில்லை. மறுபடி நின்றாள், மறுபடி எண்ணினாள், சிரிப்பு இன்னும் ஏறியது. என் வீட்டுக்காரர் பக்கத்து ஆளின் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தார். நான் ஓரமாகத் திரும்பிப் பார்த்தேன். சார் கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டுவிட்டிருந்தார்.

"எண்ணாதீங்கம்மா," என்றார் மெதுவாக. "அவங்க சிரிக்கட்டும்."

அதன் பிறகு ஏழு பாட்டுக்கும் கைதட்டல். கடைசிப் பாட்டை இரண்டு தடவை பாடச் சொன்னார்கள். இரண்டாவது தடவை எனக்குக் குரலே எழும்பாமல் வாயை மட்டும் அசைத்தேன்.

திங்கட்கிழமை காலை சார் வழக்கம்போலக் கடிகாரத்தோடு என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார். நானும் வழக்கம்போலக் கையை மெதுவாக்கினேன். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"இன்னும் கொஞ்சம் மெதுவா தைம்மா செல்வி. நான் எழுதிக் குடுக்கிற டைம் ஜாஸ்தின்னு மேல கேக்குறாங்க. அவங்க வந்து பாத்தா நம்புறாப்ல இருக்கணும்."

இத்தனை வருஷமாக எங்கள் நடிப்பில் ஏமாந்துபோகிறார் என்று நினைத்திருந்தோம்.

சார் ஓய்வு பெற்று அரக்கோணத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். நானும் வேலையை விட்டாயிற்று. முழங்கால் இரண்டும் போய்விட்டது, மாடிப்படியைப் பார்த்தாலே பேஜார். போன வாரம் அவரிடமிருந்து போன். புது நாடகம் எழுதியிருக்கிறாராம், அம்மா வேஷத்துக்கு நான் வர வேண்டுமாம். என்னால் நிற்கவே முடியாது சார், ஆளை விடுங்கள் என்றேன்.

"தெரியும்மா, கஸ்தூரி சொல்லுச்சு. இந்த அம்மா மொதல் சீன்லருந்து கடைசி வரைக்கும் கட்டில்ல உக்காந்துட்டுதான் இருக்கும். அப்படியே எழுதிட்டேன்."

அரக்கோணத்துக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டேன்.