கரண்டி பிடுங்கி மாஸ்டர்

ஹோட்டல், பேக்கரி, கேண்டீன் என்று அடுப்பு எரிகிற இடங்களிலெல்லாம் ஒரு ஜீவராசி உண்டு. கரண்டி பிடுங்கி என்று பெயர். நான் வைத்த பெயர்தான். புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது இவருடைய உத்தியோகம். கற்றுக்கொள்ள மட்டும் விடமாட்டார்.

அடையாளம் சொல்லட்டுமா? புதிதாகச் சேர்ந்தவரிடம் கரண்டியைக் கொடுத்து, "பயப்படாதே, பக்கத்துலயேதான் இருக்கேன்" என்று தைரியம் சொல்லி, (அவர் பக்கத்திலேயே இருப்பதுதான் ஆபத்து என்று அந்த அப்பாவிக்குத் தெரியாது), ஒரு கிளறு கிளறியதுமே தொண்டையைச் செருமி, அடுத்த கிளறலில் உச்சுக்கொட்டி, அதற்கடுத்த கிளறலுக்குள் கரண்டியைத் தன் கைக்குக் கொண்டுவந்துவிடுவார். "இங்க கொடு. பாரு, இவ்வளவுதான்!" இவ்வளவுதான் என்றால் எவ்வளவு? அதை மட்டும் கேட்கக் கூடாது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் அங்கலாய்ப்பார்: "ஒருத்தரும் கத்துக்க மாட்டேங்கறாங்க. நான் ஒரு நாள் லீவு போட்டா கடை கவுந்துடும்." சொல்லும்போது முகத்தில் எத்தனை பூரிப்பு என்கிறீர்கள்!

எனக்குத் தெரிந்த பேக்கரியின் கேக் மாஸ்டர் இந்த இனத்தில் அசல். அவரிடம் ஒரு பெண் பயிற்சிக்கு வந்தார். கணவருக்கு வேலை போய்விட்டது. இவருக்கு இந்த வேலை நிரந்தரமானால்தான் வீட்டில் உலை கொதிக்கும்.

மாஸ்டர் தங்கமான மனுஷர். திட்டமாட்டார், முறைக்கமாட்டார். அதுதான் தொல்லையே. திட்டுகிறவரிடம் எதிர்த்து நாலு வார்த்தை பேசலாம், "நீ கஷ்டப்படாதேம்மா" என்கிறவரை என்ன செய்வது? மாவைத் தொட்டால் வாங்கிப் பிசைவார். முட்டையை அடிக்கப் போனால் வாங்கி அடிப்பார். பயிற்சிக் காலம் முழுக்க அந்தப் பெண் பழகிய ஒரே வித்தை நகர்ந்து நிற்பதுதான்.

சோதனை நாள் வந்தது. முதலாளியம்மா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேஜைமேல் வெறும் கேக், பை நிறைய க்ரீம். அந்தப் பெண் தனியாக அதைப் பிழிந்து பூ வைத்துக் காட்ட வேண்டும். முதல் பூ லேசாகச் சாய்ந்தது. மாஸ்டர் செருமினார். அடுத்த பூவுக்கு இடம் பார்ப்பதற்குள் "இங்க கொடும்மா!" என்று பாய்ந்துவிட்டார். கண்மூடித் திறப்பதற்குள் கேக் முழுக்கப் பூ.

"பிரமாதம்!" என்றார் முதலாளியம்மா. "உங்களை வேலைக்கு எடுத்துக்கலாம் மாஸ்டர். என்ன, ஏற்கெனவே எடுத்துட்டேன்."

மாஸ்டர் சிரித்தார். அந்தப் பெண்ணுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"இது என் பொழப்பு மாஸ்டர். கெட்டாலும் என் கையால கெடட்டும். கெடுக்கவாவது என்னை விடுங்களேன்!"

முதலாளியம்மா இன்னொரு கேக்கை எடுத்து வைத்தார். மாஸ்டரை வெளியே அனுப்பிக் கதவைத் தாழிட்டார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு மனுஷர் வெறுங்கையால் காற்றில் பூ வைத்தார் பாருங்கள், அடடா! உள்ளே ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண் வைத்த முதல் பூ முட்டைக்கோஸ் மாதிரி வந்தது. சுரண்டி எடுத்தார். இன்னொன்று வைத்தார், அதையும் சுரண்டினார். அப்புறம் ஒன்று பூவாகவே வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. வரிசை கொஞ்சம் கோணல்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

"வரிசை பழகப் பழக வந்துடும். நாளைலேருந்து நீங்க நம்ம ஆளு" என்றார் முதலாளியம்மா.

அந்தப் பெண் க்ரீம் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதே விட்டார். கதவு திறந்ததும் ஓடி வந்த மாஸ்டர், கேக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "பாத்தீங்களா, என் பயிற்சி!"

சிரிக்கிறீர்களா? நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டில் இந்தப் பக்கத்தைச் சத்தமாக, எழுத்துக்கூட்டி, திக்கித் திக்கி வாசிக்க ஆரம்பித்த குழந்தை கையிலிருந்து, புத்தகம் உங்கள் கைக்கு எப்படி வந்தது?