மூக்குக்காரர்

சோப்பை மூக்கருகே கொண்டுபோனார். வழக்கம்போல ஒன்றும் வரவில்லை. ரோஜாவும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. நனைந்த செங்கல் துண்டைக் கையில் பிடித்திருப்பது போலிருந்தது.

அந்த சோப்புத் தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே மூக்குக்காரர்தான். ஒவ்வொரு கலவையிலும் முதல் சோப்பு அவர் மேஜைக்கு வரும். அவர் முகர்ந்து தலையாட்டினால்தான் மற்றவை உறைக்குள் போகும். அந்த மூக்கு மாதக்கணக்கில் அடைத்துக் கிடந்தது. விஷயம் வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். மணம் தெரியாத மூக்குக்காரரை இந்த வயதில் வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

எதிரே உறை போடும் அம்மாள் காத்திருந்தாள். வேறு வழி தெரியாமல் சோப்பை அவளிடமே நீட்டினார்.

"உங்களுக்கு எப்படித் தோணுதும்மா?"

அவள் முகர்ந்துவிட்டு அவரை மரியாதையோடு பார்த்தாள். அவர் அசடு வழியச் சிரித்தார். அவள் முகம் மலர்ந்தது.

"பிரமாதமா இருக்கு சார்."

"நானும் அதையேதான் நினைச்சேன்."

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. தனக்குக் கீழே இருப்பவரையும் மதித்துக் கருத்துக் கேட்கும் பெரிய மனிதர் என்று தொழிற்சாலை முழுக்கப் பேச்சு. அந்தப் புகழுக்குப் பயந்து, மனைவியைக் கூட்டிக்கொண்டு மூக்கு டாக்டரிடம் போனார்.

டாக்டர் மூக்குக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். உள்ளே சதை வளர்ந்திருந்தது.

"ரத்தத்துல வெள்ளை அணுக்கள் இருக்கு. அதுல இயோசினோஃபில்னு ஒரு வகை, உடம்புக்குள்ள புழு கிழு வந்தா அடிச்சு விரட்டுற காவல்காரங்க. உங்க மூக்குல எதிரின்னு யாரும் இல்ல. ஆனா இவங்க கூட்டமா வந்து உக்காந்துட்டாங்க. வெட்டியா இருக்க முடியாம சொந்தச் சுவரையே இடிக்கிறாங்க. அதான் வீக்கம்."

"கல்யாணம் முடிஞ்சும் கிளம்பாத சொந்தக்காரங்க மாதிரி," என்றாள் மனைவி.

"யாராச்சும் போகச் சொல்லக் கூடாதா டாக்டர்?" என்று அவர் களைத்துப்போய்க் கேட்டார்.

"இந்த மருந்து சொல்லும். மெதுவாத்தான் சொல்லும்."

அவருக்கோ அவசரம். ஒரு வேளை அடிக்க வேண்டிய மருந்தை நான்கு வேளை அடித்தார். மூக்கில் ரத்தம் வந்தது. பயந்து அதை விட்டுவிட்டு, டாக்டர் சொன்ன உப்புநீரால் குடம் குடமாகக் கழுவினார். உள்ளே போன நீரில் பாதி வெளியே வரவில்லை. மறுநாள் மேலாளர் பக்கத்தில் நிற்கும்போது சோப்பின் மேல் குனிந்தார். உள்ளே தங்கியிருந்த நீர் மொத்தமும் கொட்டியது. கண்ணெல்லாம் சிவந்துவிட்டது.

மேலாளர் நெகிழ்ந்துபோனார். சோப்பை நினைத்துக் கண்ணீர் விடும் மனிதரை அவர் பார்த்ததே இல்லையாம். திரவ சோப்புப் பிரிவையும் மூக்குக்காரர் பொறுப்பிலேயே கொடுத்துவிட்டார்.

அடுத்த மாதம் கடைகளிலிருந்து லாரி நிறைய ரோஜா சோப்பு திரும்பி வந்தது. கெட்டுப்போன எண்ணெயின் சிக்கு வாடை வாசல்வரை அடிப்பதாகச் சொல்லிக் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். மூக்குக்காரர் மட்டும் அதன் நடுவே நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

மூக்குக்காரரைச் சந்தேகிக்க மேலாளருக்கு மனம் வரவில்லை. நல்ல மனிதரைக் குழப்பிவிட்டது உறை போடும் அம்மாள்தான் என்று முடிவு செய்து, நாளையிலிருந்து அவள் வர வேண்டாம் என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடைக்காது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஆனால் மூக்கைத் திறந்துவிடு என்று இத்தனை நாள் வேண்டியும் அசையாத கடவுள், இப்போது வாயைத் திற என்று நெஞ்சுக்குள் நின்று தொந்தரவு செய்தார்.

"அவங்களை அனுப்பாதீங்க சார்," என்றார் மூக்குக்காரர். "எனக்கு மணமே தெரியல. இத்தனை நாளும் அவங்க முகத்தைப் பாத்துத்தான் தலையாட்டினேன்."

மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மூக்குக்காரருக்கு வேலை போகப்போகிற துக்கத்தைவிடப் பாரம் இறங்கிய அசதிதான் பெரிதாக இருந்தது.

உறை போடும் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

"அவர் மேல மட்டும் பழி போடாதீங்க சார். எனக்கும் மூக்கு அடைப்புதான், அவர் போற அதே டாக்டர்தான். நான் அவர் முகத்தைப் பாத்துத்தான் நல்லா இருக்குன்னு சொல்லிட்டிருந்தேன்."