ஆர்வில் தோட்டாவுக்கு வந்த நோய்

"புஸ்" என்றது துப்பாக்கி.

வரப்போன தும்மல் மனசு மாறித் திரும்பிப் போனது போன்ற சத்தம். குறிவைத்துச் சுடுவதற்காக வானில் வீசிவிட்ட களிமண் தட்டு ஒரு கீறலும் இல்லாமல் சோயா வயலில் சாவகாசமாக இறங்கியது.

அடுத்த தோட்டா நேர்மாறு. அது உதைத்த உதையில் ஆர்வில் ஹாட்செலின் பொய்ப்பல் பக்கத்து மாநிலத்துக்கே போயிருக்கும். வாயை இறுக்கி மூடியிருந்ததால் நெப்ராஸ்காவிலேயே தங்கிற்று.

"ஒரே பெட்டித் தோட்டாவாய்யா இது? ஒண்ணு பூனை, ஒண்ணு கழுதை!" என்றார் கிளெம், துப்பாக்கி கிளப்பில் எப்போதும் அவருக்குப் பக்கத்தில் நின்று சுடுகிறவர்.

"மருந்துல ஈரம்ப்பா," என்றார் ஆர்வில்.

முப்பது வருஷமாக அவர் கடைத் தோட்டா வாங்கியதில்லை. சுட்டுப் போட்ட காலிக் கூடுகளைப் புல்லில் பொறுக்கி, வீட்டு நிலவறையில் மிஷினில் வைத்து, கைப்பிடியை இழுத்து இழுத்து வெடிமருந்தும் ஈய ரவையும் தாமே நிரப்புவார். செய்வது அவர். பெட்டியில் அடுக்கி வண்டியில் ஏற்றுவது மனைவி லவோன். அவர் ஒரு தட்டைத் தவறவிட்டுப் பார்த்தவர் அந்த வட்டாரத்தில் கிடையாது. பார்த்ததாகச் சொன்ன ஒருவரும் பிற்பாடு கண் ஆபரேஷன் செய்துகொண்டார்.

மார்ச்சில் லவோன் போனாள். ஏப்ரலில் தோட்டா படுத்துவிட்டது.

வரும் ஞாயிறு அவளுடைய நினைவுச் சுற்று. கிளப் வழக்கப்படி, இறந்தவர் வீட்டாள் தனியாக நின்று இருபத்தைந்து தட்டு சுட வேண்டும். மற்றவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பார்கள். இருபத்தைந்தும் உடைய வேண்டுமென்று யாரும் சட்டம் போடவில்லை. ஆர்வில் போட்டுக்கொண்டார்.

"அவளுக்குன்னு இனி நான் வேற என்னத்தச் செய்யப்போறேன்?"

புது மருந்து வாங்கினார். பூனைகள் பெருகின. நிலவறையில்தான் ஈரம் என்று மிஷினைச் சமையலறை மேஜைக்குத் தூக்கி வந்தார். எதிரே லவோனின் நாற்காலி. கழுதைகள் பெருகின. அவள் மாவு நிறுக்கும் தராசில் ரவையை நிறுத்தார். தட்டில் ஒட்டியிருந்த அவள் மாவைத் துடைக்க மனம் வராமல் அதையும் சேர்த்தே நிறுத்தார்.

கிளெம் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"யோவ், பாடிக்கிட்டே இழுக்குறியே! மெதுவான ஞானப்பாட்டுன்னா மருந்து கூட விழுது, வேகமான பாட்டுன்னா குறையுது. கை ஒரே சீரா இறங்க வேணாமா?"

"முப்பது வருஷமா பாடிக்கிட்டுத்தானே இழுக்குறேன்? அப்பல்லாம் உடைஞ்சுதே!"

இருந்தாலும் ஆர்வில் பாட்டை நிறுத்தினார். பாட்டு காலி செய்த இடத்தில் அழுகை குடிவந்தது. அழுகைக்கு ஏது தாளம்?

ஞாயிற்றுக்கிழமை தொப்பிகள் கழன்றன. "விடு!" என்றார் ஆர்வில், தட்டு வீசுகிறவரிடம். பூனை. "விடு!" கழுதை. "விடு!" மறுபடி பூனை. தட்டுகள் ஒவ்வொன்றாக சோயா வயலுக்குக் குடிபெயர்ந்தன. நின்றிருந்தவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்க்கத் தொடங்கியதும், ஆர்வில் பாதியிலேயே துப்பாக்கியை மடித்துக்கொண்டு கேன்டீனுக்குள் போய் உட்கார்ந்துவிட்டார்.

கேன்டீன் நோரினுடையது. லவோனின் சிநேகிதி. வியாழக்கிழமைதோறும் லவோன் அவள் வீட்டுக்குப் போர்வை தைக்கப் போவாள். அத்தனை வருஷத்தில் ஒரு போர்வைகூட வீடு வந்து சேரவில்லை. ஆர்வில் கேட்டதுமில்லை, பெண்கள் தையலில் மூக்கை நுழைக்கிற ஆள் அல்ல அவர்.

நோரின் ஒரு துண்டு ஆப்பிள் கேக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க ஆர்வில்."

"அவளோட என் கையும் போயிடுச்சு நோரின். அவளுக்காகச் சுடுற அன்னிக்குப் போய் மானத்த வாங்கிடுச்சே. கெட்டது மருந்தா, மிஷினா, நானா? ஒண்ணும் புரியல."

நோரின் கொஞ்சநேரம் மேஜையையே துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கவுன்டருக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். உள்ளே இருபத்தைந்து தோட்டா. ஒவ்வொன்றின் வாயும் பூ மடிப்பாக, ஒன்றுபோல் மூடியிருந்தது.

ஆர்வில் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதான்! இதான் என் தோட்டா! நல்லா இருந்த காலத்துல செஞ்சது. உன்கிட்ட எப்படி வந்துச்சு?"

"எங்க ரெண்டு பேருக்கும் போர்வை தைக்கவே தெரியாது ஆர்வில்," என்றாள் நோரின். "வியாழக்கிழமைதோறும் எங்க வீட்டு மிஷின்ல அவ தோட்டா செஞ்சு உங்க பெட்டியில மாத்தி வச்சுக்கிட்டிருந்தா, உங்க தோட்டா அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு."