கோடிச் சேலையும் சிவப்பு முள்ளும்

பழைய கார் வைத்திருப்பவனுக்கு டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் ஒரு பயம்; எரியாவிட்டால், பல்பு போய்விட்டதோ என்று இன்னொரு பயம். நிம்மதி வேண்டுமென்றால் வண்டியை விற்றுவிட வேண்டும். என் வண்டியை வாங்க ஆளில்லை.

மூணாறுக்கு அப்பால் சித்திரபுரத்தில் மச்சான் தவறிவிட்டார் என்று விடியற்காலையில் போன் வந்தது. என் ஒரே அக்காவின் கணவர். புருஷன் போய்விட்டால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வர வேண்டும். உடன்பிறந்தவன் அதை அவள்மேல் போர்த்திய பிறகுதான் உடலை எடுப்பார்கள். எங்கள் வீட்டில் உடன்பிறந்தவன் என்று இருப்பது நான் ஒருவன்தான். (குடும்பம் செய்த பாவம்.)

எருத்தேன்பதியிலிருந்து கிளம்பி, பொள்ளாச்சியில் கடை திறக்கும்வரை நின்று ஒரு வெள்ளைச் சேலை வாங்கினோம். என் மனைவி அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கு வழியெல்லாம் அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதே எண்ணமாக இருந்தது.

மறையூர் தாண்டி மலை ஏறுகையில், சூடு காட்டும் முள் ஒரே துள்ளாகத் துள்ளிச் சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்திலேயே சிவப்பு விளக்கும் எரிந்தது.

"எஞ்சின் வெடிக்கப் போகுது! எறங்கு!" என்று கத்தி வண்டியை ஓரங்கட்டினேன். (எஞ்சின் வெடித்து நான் பார்த்ததில்லை. பார்த்தவர் யாரையும் சந்தித்ததும் இல்லை.)

"ஏனுங்க, பொகை ஒண்ணும் காணமுங்களே?"

"உள்ளுக்குள்ள பொகையும். நீ தள்ளிப் போ!"

பையைச் சீட்டிலேயே வைத்துவிட்டு அவள் ஓடினாள். நான் பானெட்டைத் தூக்கினேன். மலை ஏறி வந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் ஊர்க் கோழிக்கும் தெரியும். ஆனால் அப்போது அங்கே கோழி இல்லை, நான்தான் இருந்தேன். மூடி சுடுமே, துணி வேண்டுமே என்று சீட்டில் கையை விட்டு, அகப்பட்டதை உருவி மூடியைச் சுற்றித் திருகினேன்.

கூலண்ட் கலந்த பச்சைத் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது. கை தப்பியது. துணி தப்பவில்லை.

மனைவி மெதுவாகத் திரும்பி வந்து பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

"அது கோடிங்க" என்றாள். பிறகு, "உங்க தோள்லதான் துண்டு கெடக்குதுங்களே."

கிடந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சானின் அண்ணன் போன் செய்தார். "எங்கய்யா வாரீக? மழை இருட்டிக்கிட்டு நிக்கி. எடுக்க வேணாமா?"

"வந்துட்டே இருக்கறமுங்க" என்றேன், நின்றுகொண்டே.

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்தோம். பனி இறங்கி பானெட் ஐஸ் கட்டியானது. சாவியைத் திருப்பினேன். முள் மறுபடி சிவப்புக்கே துள்ளியது.

"வண்டி சில்லுன்னு கெடக்குது, முள்ளுக்கு மட்டும் காய்ச்சலுங்களா?" என்றாள் மனைவி.

அப்போதுதான் உறைத்தது. சூடு அறியும் சென்சாரில் சொருகியிருந்த வயரைப் பிடுங்கினேன். முள் தொப்பென்று அடியில் விழுந்தது. எஞ்சினுக்கு ஒன்றுமே இல்லை, கெட்டுப்போனது சென்சார்தான். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். மூணாறில் வேறு சேலை வாங்கிவிடலாம் என்ற நப்பாசையும் போனது. அன்று அங்கே கடையடைப்பு.

வீட்டு வாசலில் எல்லோரும் எனக்காகவே நின்றார்கள். ஈரச் சேலையைப் பிரித்தேன். நடுவில் ஒரு தென்னங்கீற்று அகலத்துக்குப் பச்சை.

"என்னய்யா இது, கோடியில கறை?" என்றார் மச்சானின் அண்ணன்.

காலையிலிருந்து அக்கா அழவே இல்லையாம். கல் மாதிரி உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து, அந்தச் சேலையின் முந்தானையை இழுத்து மோந்து பார்த்தாள்.

"ஏன்டா, வண்டித் தண்ணியா?"

"ஆமாக்கா. முள்ளு செவப்புக்குப் போயிருச்சு. நான் பயந்து..."

"வெள்ளைய எப்படிடா கட்டறதுன்னு நெனச்சுட்டே உக்காந்திருந்தேன். சாயம் முக்கிக் கொண்டாந்துட்டியே, பாவி."

அவள் உதடு சிரிப்பதுபோலக் கோணியது. அப்படியே அது அழுகையாக மாறியது. அந்த அழுகையை இதுவரை நான் வேறெங்கும் கேட்டதில்லை. அவள்மேல் சேலையைப் போர்த்தினேன். மச்சானை எடுத்தார்கள்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம், காது குத்து என்றாலும் சீர்ச் சேலைகள் என் வண்டியில் ஏறுவதில்லை. புது சென்சார் மாட்டிவிட்டேன் என்று சொன்னாலும் யாரும் நம்புவதாக இல்லை. கதையைச் சொல்லிச் சிரிக்க வைப்பதே அக்காதான். எனக்கு வராத நடிப்பெல்லாம் அவளுக்கு வரும். நான் கத்தியது, தண்ணீர் பீறிட்டது, தோளில் துண்டு கிடந்தது வரைக்கும் சொல்வாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள்; யாரும் கேட்கவும் மாட்டார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்து, காபி வைக்கிறேன் என்று உள்ளே போய்விடுவாள்.