வாஃபிள் மெஷினும் வெறும் தூக்கும்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் நன்றாக யோசிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் இப்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். நான் யோசித்தவன். ஒரு வாஃபிள் மெஷின் வாங்கலாமா வேண்டாமா என்று கோடை விடுமுறையில் யோசிக்க ஆரம்பித்து, ஆடி போய் ஆவணி வந்த பிறகும் யோசித்தவன். அந்த யோசனையில் கெட்டது என் பணமோ என் வயிறோ அல்ல, கீழ் வீட்டு பிலோ அக்காவின் கடை. அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. (சிரிப்பும் வரும். இரண்டும் ஒன்றாக வந்தால் என் முகம் எப்படிக் கோணும் என்று என் மனைவி தேவகி நடித்தே காட்டுவாள்.)

ஆரம்பித்து வைத்தவள் என் மகள் நிலா. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். கூடப் படிக்கிற பெண்ணின் பிறந்தநாளுக்கு மாலுக்குப் போய் வாஃபிள் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு வாரம் அதைப் பற்றியே பேசினாள். கட்டம் கட்டமாகப் பள்ளம் போட்ட தடித்த தோசை, அதன் மேல் சாக்லெட், இவ்வளவுதான் சமாச்சாரம். வீட்டிலேயே செய்யலாமே, ஒரு மெஷின் வாங்கினால் போதுமே என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

வாயைக் கொடுத்தது சுலபம், வாங்குவதுதான் கஷ்டம். எனக்குத் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. வருகிற பெட்டியைச் சுற்றி வந்து நசுங்கல், ஓட்டை, துரு எல்லாம் பார்ப்பேன். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாமல் ஒரு பெட்டியையும் கேட்டைத் தாண்ட விடமாட்டேன். அதே கண்ணோடுதான் வீட்டுக்கு வாங்கும் சாமானையும் பார்ப்பேன். வாஃபிள் மெஷினைப் பற்றி வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். வட்டமா சதுரமா, பள்ளம் ஆழமா மேலோட்டமா என்று யார்டுக்கு வரும் லாரி டிரைவர்களிடம்கூட அபிப்பிராயம் கேட்டேன். (பாவம், அவர்கள் கேட்டைத் தாண்ட வேண்டுமே, பதில் சொன்னார்கள்.)

தேவகிக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"வூட்ல தோசக்கல்லு கீது, பணியாரக்கல்லு கீது. போன வருசம் வாங்குன சாண்ட்விச் மெஷினு பரண் மேல தூங்கிகினு கீது. அதுக்குத் தொணைக்கா இது?" என்றாள்.

நியாயமான கேள்வி. அதனால் மேலும் யோசித்தேன்.

இந்த நேரத்தில்தான் பிலோ அக்கா ஒரு வாஃபிள் மெஷின் வாங்கினார். நாங்கள் இருப்பது ராயபுரத்தில் ஒரு மூன்று மாடி வீட்டின் இரண்டாவது மாடி. தரைத்தளத்தில் பிலோமினா அக்கா, அவர் கணவர் ஆண்டனி அண்ணன், அண்ணனின் அம்மா. அண்ணன் காசிமேட்டில் படகு இன்ஜின் பழுது பார்ப்பவர். ஒவ்வொரு வருடமும் மாதா கோயில் திருநாளுக்குக் கோயில் தெருவில் அவர்கள் குடும்பம் ஒரு மேஜை போட்டுச் சுண்டல் விற்கும். சுண்டல் மாமியாருடையது, மேஜையும் மாமியாருடையது. கல்யாணமாகி வந்ததிலிருந்து பிலோ அக்காவுக்குப் பொட்டலம் மடிக்கிற வேலை.

அந்த வருடம் அக்கா ஒரு முடிவு எடுத்தார். சீட்டுக் கட்டிச் சேர்த்த காசில் மெஷின் வாங்கினார். கொடியேற்றத்தன்று அதே இடத்தில் தன்னுடைய வாஃபிள் கடை என்று தெரு முழுக்கச் சொன்னார். மாமியார் மெஷினைத் திறந்து பார்த்துவிட்டு, "திருநாளுக்கு வர்றவன் சுண்டல் துன்னுவானா, சல்லடைய துன்னுவானா?" என்று கேட்டதாக அக்காவே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரித்தார் என்றாலும் அதில் ஒரு ரோஷம் இருந்தது. ஒரே ஒரு நாள் கடை நன்றாக ஓடிவிட்டால் போதும், அடுத்த வருடத்திலிருந்து யார் பொட்டலம் மடிப்பது என்கிற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் போனேன்.

ஓட்டிப் பார்க்காமல் யாராவது வண்டி வாங்குவார்களா? அக்காவின் மெஷினை ஒரு நாள் வாங்கி ஓட்டிப் பார்த்துவிட்டால் முடிவு எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தோன்றிய நாள், கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் முன்பு. கேட்டதும் அக்கா ஒரு நொடி தயங்கினார். இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷி.

"எட்துகினு போ நைனா. ஆனா பத்ரம். நாளான்னிக்கி கடைக்கு வோணும்."

நான் சும்மா எடுத்துக்கொண்டு வந்திருக்கலாம். மாதக்கணக்கில் சேர்த்த ஞானம் சும்மா விடுமா? பெட்டிக்குள் இருந்த கையேட்டை எடுத்து அங்கேயே அக்காவுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும். சூடு ஏறும்வரை மூடியே இருக்க வேண்டும், பச்சை விளக்கு எரியும்வரை எக்காரணம் கொண்டும் திறக்கக் கூடாது. அக்கா ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கேட்பது போலத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அந்தத் தலையாட்டலை மறக்க முடியவில்லை.

முதல் வாஃபிளை வீட்டில் இருந்த தோசை மாவில் ஊற்றினேன். அது மெஷினைவிட்டு வர மறுத்தது. மரக்கரண்டியால் கெஞ்சிக் கூத்தாடி எடுத்தேன். பிறகு மைதா, முட்டை, வெண்ணெய் என்று கையேட்டில் சொன்னபடியே கலந்தபோது அருமையாக வந்தது. நிலா நான்கு தின்றாள். தேவகிகூட, "நல்லாத்தான் கீது, வேணும்னா வாங்கிக்க" என்றாள். அவள் சம்மதித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. கரன்ட் பில்லையும் பார்க்க வேண்டும், இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் மெஷினைத் திருப்பித் தரத் தயார் செய்தேன். மெல்லிய துணியால் துடைத்தேன். மூலை முடுக்கெல்லாம் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. புத்தம் புதிதாகப் பளபளத்தது. அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

எங்கள் மாடிப்படியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டுப் பாத்திரம் இன்னொரு வீட்டுக்குப் போனால் வெறுமையாகத் திரும்பாது. கிறிஸ்துமஸுக்குக் கீழேயிருந்து ஒரு எவர்சில்வர் தூக்கில் பிரியாணி வரும். அதே தூக்கில் நாங்கள் ஏதாவது இனிப்பு வைத்து அனுப்புவோம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும். உள்ளே என்ன என்று சொல்லிக் கொடுப்பதில்லை. சொன்னால் தம்பட்டம் அடித்த மாதிரி ஆகிவிடும். திறக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்குத் தேவகி தன் தம்பி வருகிறான் என்று குலாப் ஜாமூன் செய்திருந்தாள். செய்து வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தாள். நான் மெஷினைப் பார்த்தேன், ஜாமூனைப் பார்த்தேன். இரவல் வாங்கியது மெஷின். அப்படியானால் வெறுமையாகத் திரும்பக் கூடாததும் மெஷின்தானே? (இந்த இடத்தில் என்னைத் தடுக்க வீட்டில் யாருமே இல்லாமல் போனது என் கெட்ட நேரம்.)

மூடியைத் திறந்து ஒரு ஜாமூனைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டு பள்ளத்துக்கு ஒன்றாக வைத்தேன். காய்ந்துவிடக் கூடாதே என்று மேலே ஒரு கரண்டி பாகும் ஊற்றினேன். ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது என்று வகுப்பு எடுத்தவன்தான் ஊற்றினேன். பாகு தண்ணீர் இல்லையே என்று நினைத்தேனா என்றால், எதையுமே நினைக்கவில்லை. மூடியை அமுக்கியபோது 'பிச்' என்று ஒரு சத்தம் கேட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பிறகு மெஷினைப் பைக்குள் செங்குத்தாக நிறுத்திக் கீழே கொண்டுபோனேன்.

அக்கா மேஜை போடும் இடம் விஷயமாகக் கோயிலுக்குப் போயிருந்தார். ஆண்டனி அண்ணன் பையை வாங்கி, அப்படியே செங்குத்தாக அலமாரியில் வைத்தார். வழக்கப்படி, உள்ளே என்ன என்று நான் சொல்லவில்லை. திறந்து பார்த்து அக்கா அசந்துபோவார் என்று சிரித்துக்கொண்டே படியேறினேன். மறுநாள் முழுக்க அக்கா அண்டா அண்டாவாக மாவு கலக்கிக்கொண்டிருந்தார். ஜாமூனைப் பற்றிக் கீழேயிருந்து ஒரு பேச்சும் இல்லை. வேலை மும்முரம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் கொடியேறி முடிந்து கூட்டம் கடைப் பக்கம் திரும்பியபோது முதல் ஆளாக நான்தான் நின்றேன், தேவகியையும் நிலாவையும் கூட்டிக்கொண்டு. அக்கா புதுப் புடவை கட்டியிருந்தார். மேஜை மேல் பூப்போட்ட விரிப்பு. பக்கத்து பஜ்ஜிக் கடைக்கும் வளையல் கடைக்கும் சேர்த்து இழுத்திருந்த ஒயரிலிருந்து ஒரு இணைப்பு. எனக்குப் பின்னால் பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டார்கள். மாமியார் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா மெஷினைப் பையிலிருந்து எடுத்து வைத்து சுவிட்சைப் போட்டார். ஒரு பையன் திறக்கச் சொன்னான். "பச்ச லைட்டு எரியாம தொறக்கக் கூடாதுடா, நைனா சொல்லிகீது" என்று அக்கா என்னைக் காட்டினார். நான் பெருமையாகத் தலையசைத்தேன்.

முதலில் நல்ல மணம் வந்தது. சர்க்கரை வேகிற மணம். "வாசன வருது பாத்தீங்களா?" என்று வரிசையைப் பார்த்துச் சொன்னேன். அடுத்து மெஷினின் அடியிலிருந்து எறும்புகள் வரிசையாக வெளியேறின. நான் மெஷின் பக்கம் திரும்பினேன். பிறகு புகை. கறுப்பாக, கண்ணைக் கரிக்கிற புகை. படபடவென்று ஒரு சத்தம். அந்த வரிசையில் இருந்த மூன்று கடையும் இருட்டாகிவிட்டன.

பஜ்ஜிக் கடைக்காரர் திட்ட ஆரம்பித்தார். யாரோ செல்போன் வெளிச்சம் அடித்தார்கள். அக்கா ஒரு துணியைப் பிடித்து மூடியைத் திறந்தார். உள்ளே பள்ளத்துக்கு ஒன்றாகக் கரி உருண்டைகள்.

"இன்னா நைனா இது?"

"குலாப் ஜாமூன்க்கா. வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு..."

வரிசை முழுக்கச் சிரித்தது. பஜ்ஜிக் கடைக்காரரும் திட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். தேவகி என் பக்கத்தில் நிற்காமல் நான்கு அடி தள்ளிப் போய்விட்டாள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை.

"ஏன் நைனா, ஒரு தூக்குல போட்டு குட்த்தா நான் துன்ன மாட்டனா?" என்றார்.

வைதிருந்தால்கூட வாங்கிக்கொண்டு போயிருப்பேன்.

மாமியார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். வீட்டுக்குப் போய், மூடி போட்ட ஒரு பெரிய பாத்திரத்தை மகன் தலையில் வைத்துக் கூட்டிவந்தார். சுண்டல். எதற்கும் இருக்கட்டும் என்று மத்தியானமே வேகவைத்திருக்கிறார். விளக்கு திரும்ப எரிந்தபோது அதே பூப்போட்ட விரிப்பின் மேல் சுண்டல் இருந்தது. பிலோ அக்கா புதுப் புடவையோடு பேப்பரைக் கிழித்துப் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நான் நினைக்கிற காட்சி அது.

மறுநாள் காலையில் யார்டுக்கு லீவு சொல்லிவிட்டு யானைக்கவுனிப் பக்கம் போனேன். மாதக்கணக்கில் வட்டமா சதுரமா என்று மண்டையை உடைத்துக்கொண்டவன், கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டியதையே வாங்கினேன். ஆக, நானும் ஒரு வாஃபிள் மெஷின் வாங்கிவிட்டேன், என் வீட்டுக்கு இல்லை என்பதுதான் வித்தியாசம். அக்காவிடம் கொடுத்து, திருநாள் முடிய இன்னும் நாள் இருக்கிறதே, இன்றைக்குச் சாயங்காலமே கடையைப் போடுங்கள், நானே வந்து நின்று மாவு ஊற்றுகிறேன் என்று கெஞ்சினேன்.

"வேணாம் நைனா. ஒரு நாள் சிரிச்சாங்க, போதும்" என்றார் அக்கா.

மீந்த மாவை வீணாக்காமல் தோசைக்கல்லில் இனிப்பு தோசையாக ஊற்றி எல்லா மாடிக்கும் கொடுத்தனுப்பினார். எங்களுக்கும் வந்தது. என் பங்கை நிலாவின் தட்டுக்குத் தள்ளிவிட்டேன். அடுத்த வருடமும் அவர் கடை போடவில்லை, அதற்கடுத்த வருடமும் போடவில்லை. நான் வாங்கிக் கொடுத்த மெஷின் அவர் வீட்டு பீரோ மேல் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. கீழ் வீட்டுக்குள் எப்போது நுழைந்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

எங்கள் குடும்பத்தில் இது இன்றைக்கும் ஓயவில்லை. நான் யாருக்காவது எதையாவது திருப்பிக் கொடுத்தால், இப்போது கல்லூரிக்குப் போகிற நிலா, "தொறந்து பாத்துக்குங்க, அப்பா கை பட்டிருக்கு" என்பாள். மச்சானிடம் இரவல் வாங்கிய ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவன் அதைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். "யார்டுல பொட்டி பொட்டியா தொறந்து பாக்கறவரு, வூட்ல மூடி அனுப்பறாரு" என்று தேவகி சொல்லாத கல்யாண வீடு இல்லை.

பிலோ அக்காவுக்கு என் மேல் கோபம் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி தவறாமல் வருகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் எங்கள் தூக்கு தவறாமல் கீழே போகிறது. ஆனால் திரும்பி வரும்போது அது கழுவித் துடைத்து, வெறுமையாகத்தான் வருகிறது. மற்ற வீட்டுப் பாத்திரங்களில் முறுக்கு போகிறது, அதிரசம் போகிறது. எங்கள் தூக்கை மட்டும் அக்கா தானே எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து, எல்லோரும் பார்க்க என் முன்னால் தலைகீழாகக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுவார்.

"பாத்துக்கோ நைனா, உள்ள ஒண்ணும் இல்ல."

தேவகி சிரிப்பாள், நிலா சிரிப்பாள், அக்காவும் இப்போது சிரிக்கிறார். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். போய், யாரும் பார்க்காதபோது மூடியைத் திறந்து இன்னொரு தரம் பார்ப்பேன். ஒரு முறுக்காவது இருக்கக் கூடாதா என்று.